பிக்கப் இழந்த பழைய டர்போ டீசல் கார்: 'சிப்' மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி – வேளாண் அலுவலர் பதில்

கேள்வி: மங்களூர் ஒன்றியத்தில் நாலு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் வைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு 2011 மாடல் டர்போ டீசல் கார் ஒன்றைப் பழசாக வாங்கினேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. அப்பாவை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றுதான் வாங்கியது. ஆறு மாதமாக வண்டியில் இழுவையே இல்லை. ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் மேம்பாலம் ஏற இரண்டாவது கியர் கேட்கிறது. பின்னால் கறும்புகை. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி இப்போது 13தான் கொடுக்கிறது. ஒரு கடையில் 22 ஆயிரத்துக்கு 'சிப்' மாட்டினால் புது வண்டி போலப் பறக்கும் என்கிறார்கள். மக்காச்சோளம் விற்ற பணம் கையில் இருக்கிறது. மாட்டலாமா? இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு லோன் போட்டு வேறு வண்டி பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மங்களூர் ஒன்றியம், கடலூர் மாவட்டம்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் வண்டிக்குக் கூடுதல் பலம் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த பலம் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைத்தாலே பெரும்பாலான பழைய டர்போ டீசல் வண்டிகள் பழைய இழுவைக்குத் திரும்பிவிடும்.

விவசாயப் பத்திரிகையில் கார் பற்றியா என்று சில வாசகர்கள் நினைக்கலாம். கிணற்றடி ஆயில் இன்ஜினும் டிராக்டரும் காரும் ஒரே சாதிதான். மூன்றும் டீசலில் ஓடுபவை. ஒன்றுக்குச் சொல்வதில் முக்கால்வாசி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

மக்காச்சோளக் குருத்து வெளுத்துப் போனால் என்ன செய்கிறோம்? யூரியாவை அள்ளிப் போட்டால் பச்சை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. குறை துத்தநாகத்தில் இருந்தால் எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் வெளுப்பு மாறாது, பணம்தான் போகும். எது குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் எடுத்துச் சொன்ன விதியை வேளாண்மைப் படிப்பில் முதலிலேயே சொல்லித் தருவார்கள். இன்ஜினுக்கும் அதே விதிதான். உங்கள் வண்டிக்கு அந்தக் கடைக்காரர் சொல்லும் சிப், வெளுத்த பயிருக்கு யூரியா போடுவது போன்றது.

டர்போ என்ன செய்கிறது?

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தது 10 ஆயிரம் லிட்டர் காற்று. அவ்வளவு காற்றை இன்ஜின் தானாக உறிஞ்சுவது கடினம். அதனால் சைலன்சருக்குப் போகும் சூடான புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். அதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஒரு ஆயில் படலம் மட்டுமே.

காற்று குறைந்து டீசல் அதே அளவு போனால் என்ன ஆகும் என்பது விருத்தாசலத்தில் பீங்கான் சூளை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூளைக்குள் காற்று போதாவிட்டால் புகைபோக்கி கறுப்பாகக் கக்கும், விறகும் எண்ணெயும் வீணாகும், சூடு ஏறாது. உங்கள் வண்டியிலும் இந்த மூன்றும் நடக்கின்றன. கறும்புகை, மைலேஜ் குறைவு, இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் காற்றுப் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சிப் மாட்டினால் இந்த நிலையில் என்ன நடக்கும்? இந்தச் சிறு பெட்டிகளில் பல, டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மாட்டப்படுபவை. உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். அது நம்பி, இன்னும் அதிக அழுத்தத்தில் டீசலை அனுப்பும். ஏற்கெனவே காற்றுப் பற்றாக்குறையில் இருக்கும் இன்ஜினுக்கு மேலும் டீசல் கொடுத்தால் புகைதான் கூடும், சூடு கூடும், பதினாலு வயதான டர்போவும் கிளட்ச்சும் ஹெட் கேஸ்கெட்டும் அந்தச் சூட்டையும் சுமையையும் தாங்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் சிப்பால் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டியது பறக்கிற வண்டி அல்ல. டயாலிசிஸ் நாளில் வழியில் நிற்காத வண்டி.

காசில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காலையில் பாருங்கள்.

1. ஏர் ஃபில்டர் பெட்டி: மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். நம் பகுதியில் தை, மாசியில் மக்காச்சோளம் அடிக்கும் தூசியும், சாலையில் காயவைத்த கதிரின் தூசியும் இதற்குள்தான் போய்ச் சேரும். பெட்டிக்குள் எலி மக்காச்சோளத்தைச் சேர்த்து வைத்து, கந்தல் துணியில் கூடு கட்டியிருப்பதும் உண்டு. கொட்டகையில், தீவனத்துக்கு அருகில் நிறுத்தும் வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். காற்று உள்ளே நுழையும் குழாயின் வாயில் இலை, பாலித்தீன் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பங்க்சர் கடையில் வெளிப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் தூசி மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அழுத்தம் அதிகமானால் காகிதம் கிழியும். அழுக்கேறியிருந்தால் புதிது போடுவதே சிக்கனம். ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மணல் துகள் போதும், அந்த வேகத்தில் சுற்றும் டர்போ இறக்கையைக் கொத்திவிடும்.

2. ரப்பர் ஹோஸ்கள்: டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் தடித்த ஹோஸ்கள் போகும். கிளாம்ப் ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். பல வருட ஆயில் பட்டு ரப்பர் ஊறி, அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. டர்போ அழுத்திய காற்று அந்த வெடிப்பு வழியாக வெளியேறினால் 'புஸ்' என்ற சத்தம், கறும்புகை, இழுவைக் குறைவு எல்லாம் சேர்ந்தே வரும். கையில் லேசான ஆயில் பிசுபிசுப்பு பட்டால் பயப்பட வேண்டாம். ஹோஸுக்குள் ஆயில் தேங்கி நின்றால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும்.

3. இன்டர்கூலர்: அழுத்தப்பட்ட காற்று சூடாகும், சூடான காற்றுக்கு எடை குறைவு. 20 டிகிரியில் உள்ள காற்றைவிட 40 டிகிரியில் உள்ள காற்று அதே இடத்தில் சுமார் 6 சதவீதம் குறைவாகவே இருக்கும். கத்திரி வெயிலில் எல்லா வண்டியும் கொஞ்சம் சோர்வது இதனால்தான். இன்டர்கூலரின் கண்ணறைகளில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

4. சக்கரங்கள்: பல நேரம் பழி இன்ஜின் மேல் விழும், குற்றவாளி பிரேக்காக இருக்கும். சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஒரு ஆள் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. டயர் காற்றையும் சரிபாருங்கள்.

5. கிளட்ச்: நாலாவது கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் கூடி, வேகம் கூடாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு சிப் மாட்டினால் மிச்சமிருக்கும் கிளட்ச்சும் கருகும்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

ஐந்தும் சரியாக இருந்தால்தான் மெக்கானிக். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் வண்டியை விட்டால் அடுத்த முறைக்குள் கையில் வந்துவிடும். கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்கேனர். 2011 வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு அதில் பதிவாகியிருக்கலாம். காற்றளவு சென்சாரா, டர்போ அழுத்தமா, டீசல் அழுத்தமா என்று அது ஓரளவு திசை காட்டும். ஸ்கேன் பண்ணாமல் 'எதற்கும் இதை மாற்றிப் பார்ப்போம்' என்று ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இரண்டாவது டீசல் ஃபில்டர். காமன் ரெயில் வண்டியில் டீசல் 1,000 பாருக்கு மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. உங்கள் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். அவ்வளவு அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியே போகும் டீசலில் தூசியோ தண்ணீரோ இருந்தால் இன்ஜெக்டர் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது ஈ.ஜி.ஆர். வால்வு. சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்கும் ஏற்பாடு இது. புகைக்கரியும் இன்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போலப் படிந்து வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், நல்ல காற்று வர வேண்டிய இடத்தைப் புகை நிரப்பும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளில் இதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும். தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவது சட்டப்படி தவறு. பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கும். சுத்தம் செய்தால் போதும்.

நான்காவது, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரும் அதற்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத சிறு ரப்பர் குழாயும். அந்தக் குழாய் வெடித்திருந்தால் டர்போ நன்றாக இருந்தும் வேலை செய்யாது. சில பத்து ரூபாய்க் குழாய்க்காக முழு டர்போவையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சோதிப்பது. எது கசிகிறது, எது சரியாகத் தூவவில்லை என்று அங்கே தெரியும். நாலையும் மாற்றச் சொன்னால் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

கடைசியாகக் கம்ப்ரெஷன் சோதனை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளுகிறது, ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால் இதை முதலிலேயே செய்துவிடலாம். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் வண்டியைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டரும் விழுந்துவிட்டது என்றால் மட்டும் விற்பது பற்றி யோசியுங்கள். லோன் போடுவதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு இந்தச் சோதனையின் முடிவே பதில்.

புகையின் நிறத்தையும் நினைவில் வையுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெள்ளை வந்தால் கவலையில்லை. சூடான பிறகும் வெள்ளை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

ஓட்டும் பழக்கம்

டீசலை மிச்சப்படுத்த 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியர் போடுகிறவர்கள் ஊரில் அதிகம். டர்போ வண்டிக்கு இது ஆகாது. உதாரணத்துக்கு, பியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 2007-ல் ஸ்விஃப்ட் டீசலில் வந்து, பிறகு டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனிக் கார்களில் ஓடிய இன்ஜின் அது. 75 குதிரைத்திறன் கொண்ட வகையில் அதன் முழு இழுவையும் 2,000 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கும். அதற்குக் கீழே டர்போ இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. 1,300 சுற்றில் ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்று வராது, டீசல் மட்டும் போகும். அது கரியாகத்தான் மாறும். ஏற்றத்திலும் பாரத்திலும் ஒரு கியர் குறைத்து, முள் 2,000-க்கு மேல் இருக்கும்படி ஓட்டுங்கள். சில வண்டிகளுக்கு இதுவே பாதி வைத்தியம்.

உங்களுக்குக் குறிப்பாக இன்னொன்று. டயாலிசிஸ் ஒரு முறைக்குச் சுமார் நாலு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் மருத்துவமனை வாசலில் ஏசிக்காக இன்ஜினை ஐட்லிங்கில் விட்டிருந்தால் கரி படிவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. மர நிழலில் நிறுத்தி அணைத்துவிடுங்கள். திரும்பும்போது இன்ஜின் சூடான பிறகு, நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகத்துக்குள், நாலாவது கியரில் 2,500 சுற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் படியும் கரி ஓரளவு குறையும்.

வேகமாக ஓட்டி வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் டர்போவுக்கு ஆயில் ஓடி சூடு தணியும். கையேட்டில் சொன்ன தரத்தில் இன்ஜின் ஆயிலைக் காலத்தில் மாற்றுவதே டர்போவுக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம்.

ஒன்றை மாற்றி, ஒன்றை அளந்து பாருங்கள்

புது விதையோ புது உரமோ வந்தால் ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியில் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் அல்லவா? வண்டியிலும் அப்படியே செய்யுங்கள். ஒரே நாளில் ஃபில்டர், ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் பிறகு டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நோட்டில் எழுதி, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று கணக்கிடுங்கள். அதே மேம்பாலத்தில், அதே ஆட்களோடு, மூன்றாவது கியரில் ஏறுகிறதா என்று பாருங்கள். லிட்டருக்கு 13 மறுபடி 17-ஐத் தொட்டால் ஒழுகல் அடைபட்டது என்று அர்த்தம்.

கேள்வி: டிராக்டருக்கு டிரம்மில் வாங்கி வைத்த டீசலைக் காரில் ஊற்றலாமா? கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் சுத்தமாகும் என்கிறார்களே?

பதில்: டிரம்மில் பாதி டீசல், பாதி காற்று இருந்தால் இரவுக் குளிரில் உள்பக்கம் வியர்த்துத் தண்ணீர் அடியில் சேரும். துருவும் உதிரும். பழைய ஆயில் இன்ஜின் இதைத் தாங்கும். காமன் ரெயில் கார் தாங்காது. காருக்கு பம்பில் நேராக நிரப்புங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். காமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பிலேயே தேயாமல் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு.

கேள்வி: இப்போது வரும் பி.எஸ்.6 டீசல் பழைய வண்டிக்கு ஆகாது, அதனால்தான் பிக்கப் குறைகிறது என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. பி.எஸ்.3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். பி.எஸ்.4-ல் 50. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் பி.எஸ்.6-ல் 10 மட்டுமே. கந்தகம் குறைந்தால் கரியும் அமிலமும் குறையும். அது பழைய இன்ஜினுக்கும் நல்லதுதான். கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடுகட்டும் பொருளைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஜீப்பில் டர்போ ஆயில் தள்ளுகிறது. அடுத்த அறுவடை வரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். டர்போவின் சீல் முழுவதும் போய்விட்டால் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். அப்போது சாவியை எடுத்தாலும் வண்டி அணையாது. சத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, மேல் கியர் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை மூச்சடைத்து நிறுத்துங்கள். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். காற்றுக் குழாயைக் கையால் மூட முயல வேண்டாம்.

டர்போவை மாற்றும் முன், அதற்கு ஆயில் போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பை நீக்காமல் புது டர்போ போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பல டர்போக்களில் உள்ளிருக்கும் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை கணிசமாகக் குறையும்.

கேள்வி: பழைய டீசல் காருக்குத் தடை வருகிறது என்கிறார்கள். 15 வருடம் ஆன வண்டிக்குச் செலவு செய்வது வீண்தானா?

பதில்: 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த உத்தரவு டெல்லியையும் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்தையும் பற்றியது. தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதியிருந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் பசுமை வரியும் உண்டு. அன்றைய தொகையை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் இந்தக் கெடு வருகிறது.

புகைச் சோதனையும் கேட்பார்கள். டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியின் வரம்பு, பி.எஸ்.4-க்கு முந்தையவற்றுக்கு 2.45, பி.எஸ்.4-க்கு 1.62. கறும்புகை தள்ளும் வண்டி இதில் தேறாது. அதனால் மேலே சொன்ன சுத்தம் எல்லாம் இழுவைக்கு மட்டுமல்ல, பதிவுக்கும் தேவை.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. சிப் மாட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுக்க இடம் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

மங்களூர் வாசகருக்குச் சுருக்கமாக: முதலில் ஏர் ஃபில்டர் பெட்டி, ஹோஸ், சக்கரம், கிளட்ச். அடுத்து ஸ்கேன், டீசல் ஃபில்டர், ஈ.ஜி.ஆர்., ஆக்சுவேட்டர் குழாய். பிறகு இன்ஜெக்டர். கடைசியில் கம்ப்ரெஷன். பெரும்பாலும் நடுவழியிலேயே குறை கிடைத்துவிடும். 22 ஆயிரத்தில் கணிசமான பங்கு மிஞ்சும். அதைப் பதிவுப் புதுப்பிப்புக்கும் அடுத்த பட்டத்து விதைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

எது சரியானது, எவ்வளவு செலவானது, மைலேஜ் எவ்வளவு ஏறியது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் உதவும். வண்டி பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள் மாடல் ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், புகையின் நிறம், கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதி ஆகிய நான்கையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பயிர்க் கேள்விக்கு மண் வகையும் நட்ட தேதியும் கேட்கிறோமே, அது போலத்தான்.